காலையில் மட்டும் ஊமையாகும் ஹாரன்

கண்ணு,

இதை நீ வாசிக்கும்போது உனக்கு ஏறக்குறைய என் இப்போதைய வயசு இருக்கும். இப்போது உனக்குப் பல்லே முளைக்கவில்லை. பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பொதுவாக வயசானவர்களாக இருப்பார்கள், நிதானமாக இருப்பார்கள், பிள்ளை கல்யாணமாகிப் போகும்போதோ வெளியூர் கிளம்பும்போதோ எழுதுவார்கள். நான் அதுவரை பொறுக்கிற ஆள் இல்லை. போன வாரம் நம் வீட்டில் ஒரு காரின் ஹாரன் கெட்டுப்போனது. அதை நான் சரிசெய்தேன். சரிசெய்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. இப்போதே எழுதாவிட்டால், நீ பெரியவளாவதற்குள் நானே இதற்கு மெருகு போட்டு வேறு கதையாக்கிவிடுவேன். அதனால்தான் நீ தொட்டிலில் தூங்கும்போதே, வளர்ந்துவிட்ட உன்னிடம் பேசுகிறேன். இது தொண்ணூற்று ஏழு, தை மாசம். இன்னும் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. கதைக்கு அந்தக் குளிர் முக்கியம்.

அந்தக் காரை நீ பார்த்திருப்பாயோ என்னவோ. என்னைவிட வயசில் மூத்த வண்டி, சீமையிலிருந்து கப்பலில் வந்தது. முதுகு உருண்டையாக, முகம் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருக்கும். உன் அப்பாரு, அதாவது என் அப்பா, நம் ஊருக்குள்ளேயே இருக்கிற ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராக இருந்தார். டாக்டர் காலமானதும், அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள் "இந்த வண்டியோட மனசு தெரிஞ்சவர் நீங்கதான், நீங்களே வெச்சுக்குங்க" என்று அவர் பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு என் அம்மாவை அதில்தான் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவார். அந்தக் கோயில் பங்கில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை பெண் அதில்தான் வருவார்கள். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே சொல்லிவிட்டார்: "ஞானஸ்நானத்துக்குப் பாப்பாவ நாந்தான் கூட்டிட்டுப் போவேன். ஆட்டோ கீட்டோன்னு எவனும் பேசக்கூடாது."

ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு. விடியற்காலை, பனி. உன் அப்பாரும் என் அம்மாவும் முதல் பூசைக்குப் போகிறார்கள். வாய்க்கால் திருப்பத்தில் ஒருவர் சைக்கிளில் தென்னமட்டைக் கட்டு வைத்துக்கொண்டு நடு ரோட்டில் போகிறார். இவர் ஹாரனை அமுத்துகிறார். சத்தம் இல்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது முன் பம்பர் சைக்கிளின் பின் மட்கார்டைத் தொட்டுவிட்டது. தொட்டதோடு சரி. சைக்கிள்காரர் இறங்கி, மட்டைகளைச் சரிபார்த்து, வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நம் ஊர் மரியாதை குறையாமல் கேட்டாராம்: "ஏனுங்க, இம்புட்டு அழகான காரு வெச்சிருக்கீங்க, ஹாரன் அடிக்கறதுக்கு மட்டும் தனியா ஆளு வருமுங்களா?" திட்டியிருந்தால் பரவாயில்லை. இந்த ‘ங்க’ போட்டுக் கேட்டதில்தான் உன் அப்பாரு கூசிப்போய்விட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பூசைக்குப் போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் சாவியை மாட்டினார். "இனி நான் ஓட்டலை."

அம்மா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "ஹாரன் கெட்டுப்போனா மாட்டிக்கலாமுங்கப்பா. இதுக்கெதுக்கு சாவியத் தூக்கி மாட்டறீங்க?" என்றேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹாரன் அடிக்கலையா, நான் அமுத்தவே இல்லியான்னு எனக்கே தெரியலை சாமி. கொஞ்ச நாளா என்ற கட்டவெரலு மரத்து மரத்துப் போவுது. உங்கம்மாகிட்ட சொல்லிப்போடாத." கேள்வி இதுதான். வண்டியா, கையா? வண்டி என்றால் ஸ்குரூடிரைவர் போதும். கை என்றால், பிழைப்பும் மரியாதையும் ஸ்டீயரிங்கிலேயே கிடைத்த ஒரு மனுஷனிடம் இனி அதைத் தொடாதே என்று சொல்ல வேண்டும்.

எனக்கு வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆசையை வைத்துக்கொண்டு சோதனை செய்யக்கூடாது. நான் எலக்ட்ரிகல் டிப்ளமா, பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அன்று மத்தியானமே சாப்பிட்டுவிட்டு பானட்டைத் திறந்தேன். போய் உட்கார்ந்து முதலில் ஹாரனை ஒரு அடி அடித்தேன். பாம் என்று தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து போயிற்று.

உனக்கு ஹாரன் எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் தெரிந்துகொள், சுவாரசியமான விஷயம். வீட்டு லைட்டில் ஸ்விட்சைப் போட்டால் அதன் வழியாகக் கரண்டு லைட்டுக்குப் போகிறது. இந்த வண்டியில் அப்படி இல்லை. ஹாரனுக்குக் கரண்டு எப்போதும் வந்தபடியேதான் இருக்கிறது. அது திரும்பிப் போக வழி மட்டும் இல்லை. ஸ்டீயரிங் நடுவில் இருக்கிற கறுப்புப் பட்டனை அமுத்தினால், உள்ளே ஒரு பித்தளைத் தகடு இன்னொரு தகட்டைத் தொட்டு, வண்டியின் உடம்பு வழியாக பாட்டரிக்குத் திரும்பும் வழியைத் திறந்துவிடுகிறது. அதாவது பட்டன் கரண்டு கொடுப்பதில்லை, வழி விடுகிறது. ஆகவே எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டும். பாட்டரி நன்றாக இருந்தது. ஃப்யூஸை எடுத்துச் சுரண்டி மாட்டினேன். ஹாரன் முனைகளில் துரு இல்லை. ஸ்டீயரிங் தண்டுக்குள் இறங்கும் வயரை இழுத்தும் அசைத்தும் பார்த்தேன். சக்கரத்தை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்து அடித்துப் பார்த்தேன். அடித்த ஒவ்வொரு தடவையும் கத்தியது. எனக்குக் கோபம் வந்தது. கெட்டுப்போன சாமானைவிட, கெட்டுப்போய்விட்டு நல்லவன் மாதிரி நிற்கிற சாமான்தான் எனக்கு ஆகாது.

வெளியே வந்து சொன்னேன்: "வண்டியில ஒண்ணும் இல்லீங்கப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் அம்மாதான் பிடித்துக்கொண்டாள். "வண்டியில ஒண்ணுமில்லீன்னா அப்பறம் யாருகிட்ட இருக்குது? மென்னு முழுங்காம சொல்லு."

"சோதிச்சதத்தான் சொல்றேனுங்கம்மா."

"சோதிச்சானாமா, சோதிச்சு! பெத்தவன சோதிக்கறதுக்குத்தான் உன்னயப் படிக்க வெச்சாரு." அந்த வாரம் முழுக்க எனக்கு விழுந்த திட்டுகளில் இதுதான் மென்மையானது.

மறுநாள் விடியற்காலையில் மறுபடி பார்ப்பது என்று முடிவு செய்தேன். பிழை காலையில் வந்தது, நான் மத்தியானத்தில் தேடினால் எப்படி? குளிரில் ஷெட்டுக்குப் போய், பட்டனை அடித்தேன். பாம். உன் அப்பாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் அமுத்தினார். அதுவும் பாம். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஹாரன் அடித்ததற்காக வருத்தப்பட்ட மனுஷனை அன்றுதான் பார்த்தேன். "அப்ப அன்னைக்கு என்ற வெரலுதான் அமுத்தலை," என்றார். "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு டாக்சி சொல்லிப்போடு."

அன்று கம்பெனியில் வேலையே ஓடவில்லை. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், அது குளிர்ந்து கிடக்கும்போதே காயிலை அளந்துவிட வேண்டும். ஒரு தடவை ஓட்டிவிட்டால் அது சூடான மோட்டார். குளிர்ந்த மோட்டாரைப் பற்றி இனி அதனிடம் கேட்க முடியாது. மோட்டார் மோட்டாராக இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஹாரனிடம் நான் அதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலில் போய் அடிப்பவன் நான். அடிப்பது என்றால், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் அடிக்கிறேன். உள்ளே ஏதாவது அடைப்பு இருந்தால் அது அந்த அடியிலேயே விலகிவிடும். அதற்குப் பிறகு யார் தொட்டாலும் சத்தம் வரும். நான் பிழையைத் தேடவில்லை. அது கண்ணில் படுவதற்கு முன்னால் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ன வேலைக்குப் போவாய் என்று தெரியாது. எதுவானாலும் இதை மனசில் வை. சோதிக்கிறவனுடைய கையும் சோதனையில் ஒரு உறுப்பு.

அடுத்த காலை, நான் வண்டியைத் தொடவே இல்லை. அவரை எழுப்பினேன். "நீங்க மொதல்ல உக்காருங்க. ரோட்டுல எப்படி அடிப்பீங்களோ அப்படி அடிங்க."

"எதுக்குடா மறுபடியும்?"

"சும்மா அடிங்கப்பா."

அமுத்தினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. "பாத்தியா?" என்றார், என்னைப் பார்க்காமல். நான் அவர் அமுத்திய விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலை வைக்கிறார், ஒரு தொடுதல், எடுத்துவிடுகிறார். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி. அவரை நகரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து, என் கட்டைவிரலை அதே அளவுக்கு, அதே மெதுவாக வைத்து எடுத்தேன். சத்தம் இல்லை. மறுபடி. சத்தம் இல்லை! "அப்பா, எனக்கும் அடிக்கலைங்க!" என்று கத்தினேன். பரீட்சையில் பாஸானதற்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர் ஏன் அப்படி அமுத்துகிறார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்று கேட்டேன். அவருடைய அப்பா பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி. தோட்டத்துக்காரர் கார் இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரியில் வந்தால், ஹாரன் கேட்டதும் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேலியோரம் ஒண்டி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். சின்ன வயசில் இவரும் முள்ளில் முதுகு உரச நின்றிருக்கிறார். "அந்தச் சத்தத்துக்கு ஒடம்பே தூக்கிப்போடும் சாமி. நான் ஸ்டீயரிங் புடிச்சன்னிக்கே நெனச்சுக்கிட்டேன், நம்ம ஹாரனு ஒருத்தர ஒதுங்குடான்னு சொல்லக்கூடாது, ஏனுங்கன்னு கூப்புடோணும்." இத்தனை வருஷம் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். மெல்லத் தொடுகிறவருக்கு மட்டும் தெரிகிற பிழை, என்னைப் போல அறைகிறவனுக்கு எப்படித் தெரியும்?

பட்டனைச் சுற்றியிருந்த வளையத்தின் சிறு ஸ்குரூக்களைக் கழற்றித் தூக்கினேன். ஸ்பிரிங். அடியில் பித்தளைத் தகடு. தகட்டின் மேல் வெள்ளையாக, மெழுகு மாதிரி, ஒரு படலம். விரலால் வழித்தேன். விரல் சூட்டில் உருகிற்று. முகர்ந்தேன். எனக்குத் தெரியாத வாசமா அது? நம் வீட்டு ஜன்னலில், காலையில் கல்லாக உறைந்து வெயிலுக்குக் காத்துக்கொண்டு ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

"அப்பா, ஸ்டீயரிங்குக்குத் தேங்காயெண்ணெ போடறீங்களா?"

அவர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்: "சனிக்கெழமை சனிக்கெழமை. இல்லீன்னா கறுப்பு வெளுத்துப் போயி வெடிப்பு உட்டுரும். உங்க மாமன் குடுத்து உடற எண்ணெயி, ஒண்ணாம் நம்பரு." என் மாமா காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் இருக்கிறார், தகரம் தகரமாக வந்துவிடும். இவர் வழிய வழியத் தேய்த்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டன் இடுக்கில் இறங்கித் தகட்டில் தங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் உருகி ஒதுங்கிவிடும், ஹாரன் அடிக்கும். ராத்திரி மறுபடி பரவி, மார்கழி தைக் குளிரில் உறைந்து, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இல்லை, கோடையில் இல்லை, மத்தியானத்தில் இல்லை. சீமையில் இந்த வண்டியைச் செய்தவன் எத்தனையோ பிழைகளை யோசித்திருப்பான். இதை யோசித்திருக்க மாட்டான். என் அம்மா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தலைக்குத் தேய்க்க எண்ணெயில்லீன்னு நானு பாட்டல கவுத்து வெச்சுச் சொட்டு எடுக்கறேன், மனுசன் காருக்கு எண்ணெ தேச்சுக் குளிக்க வாத்தாராமா!" அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் நீ விழித்து அழுதாய்.

தகட்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்து மாட்டினேன். அவர் ஏனுங்க என்று ஒரு தொடு தொட்டார். ஹாரன் கூப்பிட்டது. நேராக உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டார். "டாக்சிக்காரனுக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போடு." என் அம்மா இரண்டு நாள் கழித்து அன்றுதான் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள்.

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. உன்னிடம் எல்லாரும் இதுவரைக்கும்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எனக்குக் காபி இறங்கவில்லை. ஹாரனில் ஒரு பிழை இருந்தது உண்மை. அதனால் கையில் பிழை இல்லை என்று ஆகிவிடுமா? விரல் மரத்துப்போகிறது என்று அவரே சொன்னார். எண்ணெயைப் பார்த்ததும் எல்லாரும் அதை மறந்துவிட்டோம், அவரும்தான். ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில்தான் இன்னொரு காரணம் தப்பித்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் ஏறப்போவது நீ.

ஒரு காலிங்பெல் பட்டன், இரண்டு டார்ச் பாட்டரிக் கட்டை, ஒரு டார்ச் பல்பு. மேஜைமேல் இணைத்து வைத்தேன். "கண்ண மூடிக்குங்கப்பா. நான் சொல்றப்ப மட்டும் கட்டவெரல்ல அமுத்துங்க, அமுத்துனதும் சொல்லுங்க." அவர் நல்ல மனநிலையில் இருந்தார், விளையாட்டு மாதிரி உட்கார்ந்தார். உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். முதல் தடவை எரிந்தது. இரண்டாவது எரிந்தது. அடுத்து, "அமுத்திட்டேன்" என்றார். விரல் பட்டன் மேல் இருந்தது. பட்டன் இறங்கவில்லை. பல்பு இருட்டு. அவர் கண்ணை மூடியபடி, சிரித்தபடி கேட்டார்: "எரியுதா?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். எரியுதுங்கப்பா என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"இல்லீங்கப்பா. எரியலை."

சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. "சித்த இரு," என்றார். மறுபடி அமுத்தினார். "இப்ப?" "இல்லீங்க." என் அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அப்புறம் ஒன்று நடந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து பல்பைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். டாக்டர் வீட்டு வண்டியில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்பாராம், அப்படித் தலையைச் சாய்த்தார். "ஆட்காட்டி வெரல வெச்சுப் பாக்கலாம்," என்றார். அதுவும் சில தடவை ஏமாற்றியது. நடுவிரலும். சுண்டுவிரல் வைத்த ஒவ்வொரு தடவையும் பல்பு எரிந்தது. "அட, சுண்டுவெரலு உசுரோட இருக்குதுடா!" இடது கையில் எல்லா விரலும் சரி. பொழுது ஏறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து விரல் விரலாகப் பார்த்தோம். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்துக்குப் பக்கத்தில் ‘ஏன் இப்படி?’ என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. பயம் தனியாக இருந்ததற்கு அது எவ்வளவோ மேல்.

அன்று ராத்திரி உன் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, ஒரே ஒரு தடவ எரியுதுன்னு சொல்லியிருந்தா என்னாயிருக்கும்?" உன்னைக் காட்டினேன். "இவள அந்த வண்டியில ஏத்தியிருப்போம்." அவள் சமாதானம் ஆனாளா என்றால், இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எந்தெந்த விரல் என்று நாங்கள் சொன்னதைக் கேட்டதுமே மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டுக்கும் ஒரே நரம்புதானாம், சுண்டுவிரலுக்கு வேறு நரம்பாம். மணிக்கட்டில் அந்த நரம்பு நெருக்குண்டு கிடக்கிறதாம். உன் அப்பாருக்கு ஒரே ஆச்சரியம். "அப்ப பல்பு நல்லாத்தான் இருக்குது, வயர்லதான் கோளாறுங்களா டாக்டர்?" டாக்டர் சிரித்துவிட்டு, சின்ன ஆபரேஷன்தான், நெருக்கத்தை எடுத்துவிடலாம் என்றார். உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று நான் கேட்டேன். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், கொஞ்ச மாசம் பொறுத்துத்தான் தெரியும் என்றார்.

ஞானஸ்நானத்துக்கு வண்டியை நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உன்னை இடது கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் வாசலில் இறங்கும்போது, அவருடைய சிநேகிதர் ஒருவர் "ஏனுங்க, இன்னைக்குப் பையன் ஓட்றானாட்ட இருக்குது?" என்று கேட்டார். "என்ற கை சரியில்லீங்க. பையன்தான் பாத்துச் சொன்னான்," என்றார், ஹாரனைப் பற்றி வாயே திறக்காமல். எண்ணெய்க் கதையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

கண்ணு, உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். எனக்கும் ஒரு நாள் ஏதாவது மரத்துப்போகும். விரலோ, காதோ, ஞாபகமோ. நான் உன் அப்பாரு மாதிரி இல்லை, நான் வாதாடுவேன். ஸ்விட்ச் சரியில்லை என்பேன், வயர் சரியில்லை என்பேன், டிப்ளமா படித்தவன் என்பதால் ஆதாரத்தோடு சொல்வேன். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும், அதுதான் ஆபத்து. நீ சாமானையும் சோதி, என்னையும் சோதி. இரண்டையும். உன் கை பட்டுப் பிழை மறைந்துவிடாமல் பார்த்துக்கொள். சோதித்த பிறகு எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, இருப்பதைச் சொல். கத்துவேன். கத்தட்டும் என்று விட்டுவிடு. முடிந்தால் அப்புறம் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எது இன்னும் வேலை செய்கிறது என்று என்னோடு சேர்ந்து பார்.

நாளைக்கு ஆபரேஷன். என் அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பையில் அவருக்கு ஃபிளாஸ்க்கும் போர்வையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வண்டி ஷெட்டில் நிற்கிறது. அந்த விரல் திரும்புமா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இந்த வீட்டில் யாருக்குமே தெரியாத ஒன்று, இதை வாசிக்கிற உனக்கு எப்போதோ தெரிந்து பழகிப்போயிருக்கும். பள்ளிக்கூட வாசலில் உன்னை இறக்கிவிட வண்டி வந்து நின்றபோதெல்லாம், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

அப்பா